மூன்றாம் ஓலை

அறிவிப்புத் தாளில் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தவருக்குக் கை நடுங்கவில்லை. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடு. ஆராதனை தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போது எங்கள் ஆயர் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "அந்த ஒண்ணை விட்டுட்டு மீதியை வாசிச்சிடுங்க தம்பி" என்றார். பிறகு அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே பாடகர் குழு நிற்கும் பக்கம் போய்விட்டார்.

அடிக்கப்பட்டிருந்தது ஒரு கல்யாண ஓலை. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்களின் பெயரைச் சபையார் முன் வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சேர்த்துச் சொல்வார்கள். பனையோலை போய்க் காகிதம் வந்து, காகிதமும் போய் வாட்ஸ்அப் வந்த பிறகும் அதற்குப் பெயர் ஓலைதான். மூன்று ஓலையும் வாசித்தால்தான் கோயிலில் கல்யாணம். முதல் ஓலையையும் இரண்டாம் ஓலையையும் நானே வாசித்திருந்தேன். மூன்றாவதுதான் சிவப்புக் கோட்டுக்கு அடியில் கிடந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சபையில் நான் அப்போது ஒன்பது வருடமாக இளைஞர் ஊழியன். ஞாயிறு காலை இளைஞர் கூட்டம், புதன்கிழமை வேதபாடம், கோடையில் முகாம், டிசம்பரில் வீடுவீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். கல்லூரிப் பிள்ளைகளின் காதல் தோல்வி, வேலை கிடைக்காதவனின் புலம்பல், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு என் வீட்டு சோபாவில் வந்து படுத்துக்கொள்ளும் பையன், எல்லாம் என் இலாகா. அந்த வருடம் என் வாழ்க்கையே திருப்பத்தில் நின்றது. அடுத்த மாதம் என்னையும் ஆயராக்கிக் குருப்பட்டம் கொடுப்பதாக இருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து என் மனைவி கர்ப்பமாக இருந்தாள், ஆறு மாதம். இரண்டையும் ஒரே ஜெபத்தின் இரண்டு பதில்கள் என்று சபையில் சாட்சி சொல்லியிருந்தேன். கைதட்டினார்கள்.

ஓலையில் இருந்த பெண் செலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுப்பாள். பள்ளி முடிக்கும் வயதில் இளைஞர் கூட்டத்துக்கு வந்தவள், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சபைக் கமிட்டியின் செயலாளர். அவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் கோயிலில் ஒரு மின்விசிறி மாட்ட முடியாது.

மாப்பிள்ளையும் எங்கள் சபைதான். குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஆறு வருடமாகக் கோயிலின் கடைசி வரிசைக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்து மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன். யார் பிரசங்கம் செய்தாலும் குரல் இரையாமல், கீச்சிடாமல் கேட்டதென்றால் அது அவன் கை. அவன் பிறந்தது கேளம்பாக்கம் தாண்டி ஒரு கிராமத்தின் காலனியில். அந்த ஒரு வார்த்தை போதும். எங்கள் சபையில் யாரும் சாதியைச் சொல்லமாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். பதிலில் "காலனி" என்று வந்தால் "ஓ, சரி சரி" என்பார்கள். அந்த இரண்டாவது "சரி"யில் எல்லாம் முடிந்துவிடும்.

அவளுடைய அப்பா எட்டு மாதம் மறுத்துவிட்டு, அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து அழுதபின் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். முதல் ஓலை வாசித்தபோது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஓலை முடிந்த செவ்வாய்க்கிழமை, அவருடைய இளைய மகளுக்குப் பேசி வைத்திருந்த வீட்டார் திருநெல்வேலியிலிருந்து போன் செய்து, "மூத்த பொண்ணை அங்க குடுக்குறீங்கன்னா எங்களை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதோடு அவருடைய சம்மதம் போய்விட்டது.

வியாழக்கிழமை ஆயர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும். ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லுங்க. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்சதும் இவங்களுக்குப் பண்ணி வச்சிடுவாங்களா ஐயா?"

அவர் சிரித்தார். "ஒரு வருஷத்துல எவ்வளவோ நடக்கும். கர்த்தர் வழி காட்டுவார். நீங்களும் நம்ம ஆளுதானே தம்பி, உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா? அடுத்த மாசம் பட்டம் வாங்கப் போறீங்க. இந்த நேரத்துல சபையில சலசலப்பு வேணாம்."

நம்ம ஆளு. நான் எந்தச் சாதி என்று அந்தக் கட்டடத்துக்குள் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. நான் தலையாட்டினேன். அதை இன்று எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. "முடியாது" என்ற சொல் என் நாக்கில் இருந்தது. நான் அதை விழுங்கிவிட்டு, "பேசிப் பாக்குறேன் ஐயா" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் போனேன். எதிரே இருந்த பழரசக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். சாக்பீஸ் தூள் இன்னும் அவள் புடவையில் இருந்தது. நான் எப்படித் தொடங்குவது என்று ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அப்பா சொல்லி வந்தீங்களா, ஐயா சொல்லி வந்தீங்களா?" என்று அவளே கேட்டாள்.

"யார் சொன்னா என்னம்மா. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே. ஒரு வருஷம். அதுவரைக்கும் ஜெபிப்போம்."

"எதுக்காக ஜெபிக்கணும்ணா? அவர் சாதி மாறணும்னா?"

"உங்க அப்பா மனசு மாறணும்னு" என்று ஏதோ சொன்னேன்.

"அப்பா மனசு மாறித்தானே ரெண்டு ஓலை வாசிச்சீங்க. இப்ப மறுபடியும் மாறியிருக்கு. அடுத்த வருஷம் எந்தப் பக்கம் மாறும்னு யாருக்குத் தெரியும்?" அவள் கோபப்படவில்லை. கரும்பலகையில் கணக்கு போடும் குரலில் பேசினாள். "அண்ணா, போன வருஷம் மே மாச முகாம்ல, கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒரே குடும்பம்னு ஒன்றரை மணி நேரம் பேசினீங்க. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதைக் கேட்டுட்டுத்தான் அவர்கிட்ட சரின்னு சொன்னேன். தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. நான் நன்றாகப் பேசுவேன் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

எழுந்து போகும்போது, "ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பீங்கல்ல?" என்று கேட்டாள்.

"வாசிப்பேன்" என்றேன். அந்த நேரத்தில் அந்த நாற்காலியிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாள் என் கையில். ஆராதனையில் அறிவிப்புகளுக்கான நேரம் வந்ததும் மைக் முன்னால் போய் நின்றேன். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை முகாம், இரும்புலியூர் வட்டாரத்து வீட்டு ஜெபக்கூட்டம், கேரல் பாடல் பயிற்சி. வரிசையாக வாசித்தேன். சிவப்புக் கோடு வந்தது. கண் அதைத் தாண்டியது. வாயும் தாண்டியது. அடுத்த வரியில் யாருக்கோ எழுபதாவது பிறந்தநாள், பலிபீடத்துக்குப் பூ கொடுத்திருந்தார்கள். அதை வாசித்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணா, எங்க ஓலை?"

அவளிடம் மைக் இல்லை. ஆனாலும் முன்னூறு பேருக்கும் கேட்டது. விசிறிகள் சுற்றும் சத்தமும் தெருவில் ஷேர் ஆட்டோ போகும் சத்தமும் மட்டும் இருந்தன. என் கையில் தாள் இருந்தது. பெயர்கள் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தன; இரண்டு வாரமாக வாசித்து எனக்கு மனப்பாடமும்கூட. மூன்று நொடி ஆகும் வாசிக்க. நான் திரும்பி ஆயரைப் பார்த்தேன்.

அவர் அதற்குள் தன் மைக்கை இழுத்துக்கொண்டார். "சபையார் எல்லாரும் எழுந்து நின்று அடுத்த பாமாலையைப் பாடுவோம்" என்றார். ஆர்கன் தொடங்கியது. எல்லாரும் எழுந்ததில், நின்றுகொண்டிருந்த அவள் கூட்டத்துக்குள் காணாமல் போனாள். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு தந்திரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தனியாக நிற்பவளை மறைக்க முன்னூறு பேரை எழுப்பி விட்டார்.

கடைசி வரிசைக்குப் பின்னால் அவன் தன் மேசையில் உட்கார்ந்திருந்தான். என் மைக், ஆயரின் மைக், ஆர்கன் எல்லாம் அவன் விரல் நுனியில். அவன் எதையும் தொடவில்லை. ஆராதனை முடியும்வரை ஒவ்வொருவர் குரலும் துல்லியமாகக் கேட்டது. முடிந்ததும் வழக்கம்போல் வயர்களைச் சுருட்டிக் கட்டி, மேசைமேல் துணி போட்டு மூடி, கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளையிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன்பின் அவன் வரவில்லை. அவளும் வரவில்லை.

கோயிலுக்குப் பின்னால்தான் எங்கள் குவார்ட்டர்ஸ். அறுபது அடி தூரம். என் மனைவி வயிற்றில் கை வைத்தபடி மெதுவாக நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "அவ கேட்டப்ப நான் உங்க முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்க ஐயாவைப் பாத்தீங்க. அவ பக்கம் திரும்பவே இல்ல."

"எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"வாசிக்கத் தெரியும்ல?"

சாப்பாடு போட்டாள். ஆனால் அன்று முழுக்க வேறெதுவும் பேசவில்லை. எனக்கு முதலில் அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. பட்டம், குவார்ட்டர்ஸ், பிரசவம் எல்லாவற்றையும் யோசித்துத்தானே பேசாமல் இருந்தேன், இவளுக்காகவும்தானே என்று. பாத்திரம் கழுவும் அவள் முதுகைப் பார்த்து மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். வாதாட வாதாட எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஆயரின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓலைக்கு யாராவது ஆட்சேபணை எழுதிக் குடுத்தாங்களா ஐயா?"

"எழுத்துல யாரும் தரல."

"அப்ப எதை வச்சு நிறுத்தினீங்க?"

"சபையோட சமாதானத்துக்காக."

"யாரோட சமாதானம்? அந்தப் பொண்ணோடதா? அந்தப் பையனோடதா? அவங்க சபை இல்லையா?"

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "குரலை உசத்தாதீங்க தம்பி. பெரிய நியாயம் பேசறீங்களே, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த வேலைக்கு மூணு பேர் வந்தாங்க. மத்த ரெண்டு பேரும் உங்களைவிட நல்லா படிச்சவங்க. ஒருத்தன் இறையியல்ல முதல் மாணவன். உங்களை எடுத்தோம். ஏன்னு நினைக்கறீங்க? நம்ம பையன், நாளைக்கு நம்மகூட நிப்பான்னு கமிட்டியில சொல்லித்தான் எடுத்தோம். அந்த நன்றியாவது இருக்கணும்."

என் அழைப்பைப் பற்றி நான் நூறு தடவையாவது சாட்சி சொல்லியிருப்பேன். தனியார் கம்பெனி வேலையை விட்டது, உபவாசம் இருந்தது, மூன்று பேர் வந்த நேர்காணலில் கர்த்தர் என்னைத் தெரிந்தெடுத்தது. எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள்! கடவுளின் தெரிந்தெடுப்பு என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஒரு கமிட்டியின் சாதிக் கணக்கு. அந்த முதல் மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ, யார் அவனுக்கு என்ன சமாதானம் சொன்னார்களோ. "கர்த்தர் உனக்கு வேற வழி வச்சிருக்கார்" என்றிருப்பார்கள்.

அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. ஆச்சரியக்குறிகளாகவே இருந்தது. என் மனைவி வாசித்துவிட்டு, "இது பிரசங்கம். போய்க் கடிதம் எழுதிட்டு வாங்க" என்றாள். மறுபடி எழுதினேன். நான்கு வரி. காரணத்தை மட்டும் விடவில்லை: மூன்றாம் ஓலையை வாசிக்காமல் விட்டது தவறு, அதில் என் பங்கும் உண்டு, அதனால் விலகுகிறேன். கமிட்டி ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது. சபைக்குச் சொன்ன காரணம் "குடும்பச் சூழல்."

அடுத்த ஒரு மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசியதாக நினைவில்லை. குருப்பட்ட நாள் என்று குறித்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். இளைஞர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். நீக்கியவன், அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு என் சோபாவில் படுத்துக் கிடப்பானே, அவன்தான். சிலர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள்: "ஜெபிக்கிறோம் அண்ணா." கூப்பிய கை, வெள்ளைப் புறா. ஒருவர்கூட "அந்த ஓலையை ஏன் வாசிக்கவில்லை?" என்று கமிட்டியைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்கும் நான்தானே பொறுப்பு. ஒன்பது வருடம் அவர்களுக்குக் கிட்டார் வாசிக்கவும், கண்ணை மூடிக்கொண்டு பாடவும், சாட்சி சொல்லவும் கற்றுக்கொடுத்தேன். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டவள் ஒருத்திதான், அவளும் அதை என்னிடம் கற்கவில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் எனக்கு மேசை வேலை கிடைத்தது. வண்டலூர் போய் அங்கிருந்து பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மாம்பாக்கம் வரை மனதுக்குள் ஆயரோடு சண்டை போடுவேன். மாம்பாக்கத்துக்கு அப்புறம் என்னோடு.

ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்திருக்கோம். முப்பது நாள் முடியப் போகுது. சாட்சிக் கையெழுத்துக்கு மூணு பேர் வேணும். நீங்களும் அக்காவும் வர்றீங்களா?"

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அவர் உங்களைக் கூப்பிட வேணாம்னுதான் சொல்றார். நான் கூப்பிடுறேன்."

கோயிலிலேயே நடக்கட்டும் என்று அதற்கு முன்னால் நான் எனக்குத் தெரிந்த நான்கு சபை ஆயர்களிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். ஒருவர் எங்கள் ஆயரிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஒருவர் டிசம்பர் முழுக்க வேலை என்றார். ஒருவர் போனை எடுக்கவேயில்லை. நான்காமவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "பண்ணி வச்சா என் கமிட்டி என்னைத் தூக்கிடும்பா." அவர்மேல் மட்டும்தான் எனக்குக் கோபம் குறைவு.

பதிவு அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்குக் கூடினோம். அவள் சாதாரணமான மஞ்சள் பட்டுப் புடவையில், மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில். அவனுடைய அக்கா ஒருத்தி கோவளத்திலிருந்து வந்திருந்தாள். அவள் மூன்றாவது சாட்சி. என் மனைவியால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. அங்கே இருந்த உதவியாளர், ஐம்பது வயது இருக்கும், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"போன வாரம் ஒரு பெரியவரு வந்தாரு சார். கூட ரெண்டு பேரு. நோட்டீஸ் போர்டுல உங்க பேரைக் காட்டி, ஆட்சேபணைன்னாரு. எழுதிக் குடுங்கன்னு பேப்பர் குடுத்தேன். இன்னா எழுதறதுன்னு என்னையே கேக்கறாரு! பொண்ணுக்கு வயசு ஆவலியான்னேன். ஆயிட்ச்சுன்னாரு. ரெண்டு பேர்ல யாராவது ஏற்கெனவே கட்டிக்கினு கீறாங்களான்னேன். இல்லைன்னாரு. சொந்தத்துல கட்டக்கூடாத முறையான்னேன். அதுவும் இல்ல. அப்பால இன்னா சார் எழுதுவாரு? கூட வந்தவங்க சாதின்னு எழுதச் சொன்னாங்க. அதெல்லாம் இங்க காரணம் கெடையாது சார்ன்னு சொல்ட்டேன். பேப்பரக் கையில வச்சுகினு அரை மணி நேரம் குந்திகினு இருந்தாரு. அப்பால எழுந்து பூட்டாரு."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வெறும் பேப்பரா குடுத்தார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே எழுதலம்மா. பேனாவை மட்டும் மூடாம வச்சிட்டுப் போய்ட்டாரு."

அவள் என் மனைவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பாவை நினைத்து அழுதாளா, அப்பாவுக்காக அழுதாளா, தெரியாது. எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வரவில்லை. வந்தது வேறொரு ஆத்திரம். இந்த உதவியாளர் இரண்டு நிமிடத்தில் கேட்ட மூன்று கேள்விகளை, இத்தனை வருடம் வேதம் படித்த நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான் வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பார். அன்றே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். மகள் அப்பாவை இழந்திருக்கமாட்டாள்.

கையெழுத்துப் போட்டோம். மாலை மாற்றிக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாடு கோவளத்தில் அவன் அக்கா வீட்டில். கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அவள் துப்புரவு மேற்பார்வை வேலை பார்க்கிறாள். வஞ்சிர மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் செய்து வைத்திருந்தாள். இலை போடுவதற்குள் நானும் அவனும் வெளியே வந்து நின்றோம். மணலில் படகுகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அவன் காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அன்னைக்கு நீ ஐயாவோட மைக்கை கட் பண்ணியிருக்கலாம்" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று.

"பண்ணியிருந்தா 'அதுங்க புத்தி அதான்'னு சொல்லியிருப்பாங்கண்ணா. அதுக்கு ஒரு சான்ஸ் குடுக்கக்கூடாதுன்னுதான் கையக் கட்டிக்கினு இருந்தேன்." கடலைப் பார்த்தபடியே சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"கேரல் ரவுண்ட்ஸ்ல செக்ரட்டரி சார் வூட்டுக்குப் போவோமே, உள்ள கூப்ட்டு கேக்கு, காப்பி எல்லாம் குடுப்பாங்க. நான் எத்தினி தபா உள்ள வந்துகீறேன்?"

யோசித்தேன். எல்லாருடைய முகமும் அந்த வீட்டு ஹாலில் நினைவுக்கு வந்தது. அவன் முகம் வரவில்லை.

"வரலண்ணா. ஒரு தபா கூட வரல. சவுண்டு செட்டு வண்டியாண்ட நின்னுகினு இருந்தேன். யாரு நிக்கச் சொன்னது?"

"நான்."

"நீங்கதான். 'தம்பி, நீ வண்டியப் பாத்துக்கோடா'ன்னு. ஆறு வருஷம். வேற வூடுங்கள்ல யாராச்சும் மாத்தி மாத்தி நிப்பாங்க. அந்த வூட்ல மட்டும் நான்தான். அதுல இன்னா தங்கமா வச்சிருந்தோம்? ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி."

முதல் வருடம் செயலாளர்தான் என் காதோரம் வந்து, "சவுண்டு தம்பி வண்டிகிட்ட இருக்கட்டும்" என்றார். இரண்டாவது வருடத்திலிருந்து அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏன் என்று கேட்காமலே, அவர் நினைப்பதை நான் என் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் தோளில் தட்டி, பாசமாக. ஆயர் என்னைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. நம்ம பையன், நம்மகூட நிப்பான். ஆறு வருடம் நின்றிருக்கிறேன்.

"மன்னிச்சிடு" என்றேன். இந்த வார்த்தையைப் பற்றி எத்தனை முகாம்களில் பேசியிருக்கிறேன். வாயிலிருந்து வரும்போது கல்லைத் துப்புவதுபோல் இருந்தது.

அவன் மறுபடி கடலைப் பார்த்தான். "கேட்டுக்கினேண்ணா" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அதற்குமேல் கேட்கவும் இல்லை.

உள்ளே இலை போட்டதும் அவன் அக்கா என்னைப் பார்த்து, "ஐயா, ஒரு ஜெபம் பண்ணிடுங்க" என்றாள்.

"வேணாங்க்கா. நானே பண்றேன்" என்றான் அவன். கண்ணை மூடாமல், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்றே வாக்கியத்தில் முடித்தான். சாப்பாட்டுக்காகவும் வந்தவர்களுக்காகவும் நன்றி, வராதவர்களையும் நீரே பார்த்துக்கொள்ளும், ஆமென். நானும் ஆமென் சொன்னேன். ஒன்பது வருடத்தில் நான் முழு மனதோடு ஆமென் சொன்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு நான்கு மாதம் ஆனபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டு, திரும்ப ரயில் ஏற நின்றேன். அதே நடைமேடையில் ஆயர். முகமெல்லாம் சிரிப்பாக வந்து தோளில் கை போட்டார்.

"பாப்பா பிறந்திருக்காமே! சந்தோஷம் தம்பி. ஞானஸ்நானத்தை நம்ம கோயில்லயே வச்சுக்கலாம். பழசையெல்லாம் மறந்துடுவோம். நான் உங்களை தினமும் ஜெபத்துல வச்சிருக்கேன்."

"அவங்க ரெண்டு பேர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா ஐயா?"

"யார்கிட்ட?"

உண்மையாகவே அவருக்கு உடனே நினைவு வரவில்லை. அந்த நொடியில் எனக்கு வந்த கோபத்தை எந்த ஊழியப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பெயரைச் சொன்னேன், இரண்டு பெயரையும், முழுப் பெயராக, ஊரோடு, அப்பா பெயரோடு, ஓலையில் எழுதியிருந்தபடியே. சத்தமாக. பக்கத்தில் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கையை என் தோளிலிருந்து எடுத்தார். "இவ்வளவு கோபம் ஊழியக்காரனுக்கு அழகில்ல தம்பி."

"அழகா இருக்கணும்னு நினைச்சுத்தான் அன்னைக்கு வாயை மூடிட்டிருந்தேன் ஐயா. நீங்க அவங்ககிட்டப் போய்க் கேளுங்க. என் பொண்ணு ஞானஸ்நானத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

செங்கல்பட்டு வண்டி வந்தது. அவர் ஏறவில்லை, நான் ஏறினேன். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் கோபம் வந்தால், இதை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று மனதுக்குள் சொல்லத் தொடங்கிவிடுவேன். அன்று சொல்லவில்லை. பெருங்களத்தூரில் இறங்கி வீட்டுக்கு நடந்து போய், நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"முழுப் பெயரும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சரி, கையைக் கழுவிட்டு இவளைப் புடிங்க. நான் சாப்பிடணும்" என்றாள்.